பவர்பாயின்ட்டுக்குத் தடை, 6 பக்க மெமோ: பெரிய நிறுவனத் தலைவர்கள் எழுத்தை ஏன் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள்?

நல்லா பேசத் தெரிந்தால் போதும், நல்ல தலைவர் ஆகிவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் உலகின் மிகப்பெரிய நிறுவனங்களை நடத்திய சிலர், பேச்சை விட எழுத்தைத்தான் அதிகம் நம்பினார்கள். ஒருவர் தன் நிறுவனத்தின் உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டையே தடை செய்தார். இன்னொருவர் தன் அக்கா, தங்கைக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு பல லட்சம் பங்குதாரர்களுக்கு எழுதினார். மற்றொருவர் அவித்த முட்டையை வைத்து ஒரு தொழிற்சாலையையே விளக்கினார்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதுவதற்கும் ஒரு நிறுவனத்தை நடத்துவதற்கும் என்ன சம்பந்தம்? தெளிவாக எழுதாவிட்டால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

உயிர் போன விஷயம்: 2003-ல் என்ன நடந்தது?

இந்தக் கதை ஆபீஸில் தொடங்கவில்லை. விண்வெளியில் தொடங்குகிறது.

2003 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் 7 பேருடன் புறப்பட்டது. அவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா. புறப்பட்டு ஒன்றரை நிமிடம் ஆவதற்குள், எரிபொருள் டேங்கில் இருந்து பிய்ந்த ஒரு நுரைத் துண்டு விண்கலத்தின் இடது இறக்கையில் மோதியது. மறுநாள் வீடியோவைப் பார்த்தபோதுதான் இது தெரியவந்தது.

இதனால் ஆபத்து வருமா, வராதா? பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த முடிவுகள் நாசா அதிகாரிகளுக்கு பவர்பாயின்ட் ஸ்லைடுகளாகப் போயின. அதில் முக்கியமான ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், நிலைமை பயப்படும்படி இல்லை என்ற எண்ணம்தான் வரும். ஆனால் அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு தகவல் இருந்தது. இதற்கு முன் சோதனை செய்து பார்த்த நுரைத் துண்டின் அளவு 3 கன அங்குலம். கொலம்பியாவில் மோதிய துண்டின் அளவாக அவர்கள் மதிப்பிட்டது 1,920 கன அங்குலம்.

அதாவது 640 மடங்கு பெரியது. பழைய சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் இதன் பொருள். தலைப்பில் வந்திருக்க வேண்டிய செய்தி, கடைசி வரியில் கிடந்தது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா உடைந்து சிதறியது. 7 பேரும் உயிரிழந்தார்கள்.

ஒரு ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்ட கோரிக்கைகள் மேலிடத்தில் கைவிடப்பட்டன. நாசாவின் நிர்வாகக் கலாசாரமே முக்கியக் காரணங்களில் ஒன்று என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் 2003 ஆகஸ்டில் வெளியான அதே அறிக்கை, தொழில்நுட்ப ஆய்வை முழுமையாக எழுதாமல் ஸ்லைடுகளாகக் கொடுக்கும் பழக்கத்தையும் ஒரு பிரச்சனையாகக் குறிப்பிட்டது.

தகவல்களைக் காட்சிப்படுத்துவது பற்றி எழுதிவந்த எட்வர்ட் டஃப்டே என்ற பேராசிரியர் இந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்து ஆராய்ந்தார். 'குறிப்பிடத்தக்க' என்ற பொருள் தரும் ஒரே ஆங்கிலச் சொல், அந்த ஒரு ஸ்லைடில் மட்டும் 5 முறை, வெவ்வேறு அர்த்தங்களில் வந்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். எவ்வளவு என்று எண்ணில் சொல்ல வேண்டிய இடத்தில், பொத்தாம்பொதுவான ஒரு வார்த்தை உட்கார்ந்திருந்தது.

அமேசான் ஏன் பவர்பாயின்ட்டைத் தடை செய்தது?

2004-ல் டஃப்டேயின் பவர்பாயின்ட் பற்றிய கட்டுரையை அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸும், அவருடைய தொழில்நுட்ப ஆலோசகராக இருந்த கோலின் பிரையரும் படித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 9 அன்று, உயர்மட்டக் குழுவுக்கு ஓர் இமெயில் போனது. இனி அந்தக் குழுவின் கூட்டங்களில் பவர்பாயின்ட் கிடையாது. சொல்ல வேண்டியதை முழு வாக்கியங்களில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்பதுதான் தகவல்.

காரணம் என்ன? பெசோஸ் சொன்னது இதுதான்: 20 பக்க ஸ்லைடு போடுவதை விட 4 பக்க மெமோ எழுதுவது கஷ்டம். ஏனென்றால் கோர்வையாக எழுதும்போது எது முக்கியம், எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று யோசித்தே ஆக வேண்டும். ஸ்லைடில் 5 புள்ளிகளைப் போட்டுவிட்டால், அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஓட்டையை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு கடையின் கூட்டத்தில் 'விற்பனை குறைவு. போட்டி அதிகம். புதிய கிளை தேவை' என்று 3 புள்ளிகள் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இதையே வாக்கியமாக எழுதச் சொன்னால், 'விற்பனை குறைந்திருப்பதால் புதிய கிளை திறக்க வேண்டும்' என்று வரும். எழுதும்போதே கை நின்றுவிடும். இருக்கும் கடையிலேயே வியாபாரம் இல்லாதபோது இன்னொரு கடை எதற்கு? புள்ளிகளாக இருந்தபோது இந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை.

6 பக்க மெமோ கூட்டம் எப்படி நடக்கும்?

நாளடைவில் 6 பக்கம் என்பது அமேசானில் வழக்கமான அளவானது. இந்தக் கூட்டம் நடக்கும் விதம் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு விநோதமாகத் தெரியும்.

* கூட்டம் தொடங்கியதும் யாரும் பேச மாட்டார்கள். எல்லோர் கையிலும் மெமோ இருக்கும்.
* முதல் 20 நிமிடம் வரை அனைவரும் அமைதியாகப் படிப்பார்கள். பள்ளியில் ஸ்டடி ஹவர் மாதிரி.
* படித்து முடித்த பிறகுதான் கேள்வி, விவாதம் எல்லாம்.
* மெமோவில் எழுதியவர் பெயர் இருக்காது. அது மொத்தக் குழுவின் ஆவணம்.

முன்கூட்டியே அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். பிஸியான ஆட்கள் படிக்காமலே வந்து, படித்தது போலப் பேசுவார்கள் என்பதுதான் பெசோஸின் பதில். கூட்டத்திலேயே படித்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஸ்லைடு கூட்டத்தில், கவர்ச்சியாகப் பேசுபவரின் சுமாரான ஐடியாவும் ஜெயித்துவிடும். கூச்ச சுபாவம் உள்ளவரின் நல்ல ஐடியாவும் தோற்றுவிடும். தாளில் எழுதி வைத்தால் குரல், தோற்றம், மேடை அனுபவம் எல்லாம் பின்னுக்குப் போய், விஷயம் முன்னுக்கு வரும்.

பொருள் தயாராகும் முன்பே பத்திரிகைச் செய்தி!

அமேசானில் இன்னொரு பழக்கமும் உண்டு. புதிதாக ஒரு பொருளைச் செய்யத் தொடங்கும் முன்பே, அது வெளியாகும் நாளில் கொடுக்கப்போகும் பத்திரிகைச் செய்தியை எழுதிவிடுவார்கள். கூடவே வாடிக்கையாளர்கள் கேட்கக்கூடிய கேள்விகளும் பதில்களும் இருக்கும்.

அந்தச் செய்தியைப் படித்து 'அட, இது நமக்கு வேணுமே' என்ற எண்ணம் வராவிட்டால், பொருளைச் செய்வதே வீண். தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் செலவழித்த பிறகு தெரியவேண்டிய உண்மை, ஒரு பக்கத் தாளிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த முறையைப் பற்றி கோலின் பிரையரும், அமேசானின் முன்னாள் அதிகாரி பில் காரும் சேர்ந்து எழுதிய 'வொர்க்கிங் பேக்வர்ட்ஸ்' என்ற புத்தகம் 2021-ல் வெளியானது.

நல்ல மெமோ எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்கு பெசோஸ் தன் 2017-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் ஒரு கதை சொன்னார். அவருடைய தோழி ஒருவர், எந்தப் பிடிமானமும் இல்லாமல் கைகளால் தலைகீழாக நிற்கக் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டார். 2 வாரம் பழகினால் வந்துவிடும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள், உண்மையில் தினமும் பழகினாலும் 6 மாதம் ஆகும் என்று முதல் நாளே பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

மெமோவும் அப்படித்தான் என்கிறார் பெசோஸ். ஓரிரு நாளில், ஏன், சில மணி நேரத்திலேயே எழுதிவிடலாம் என்று நினைப்பவர்கள் சொதப்புகிறார்கள். நல்ல மெமோவை எழுதி, அடித்து, திருத்தி, மற்றவர்களிடம் காட்டி, இரண்டு நாள் ஒதுக்கி வைத்து, மறுபடி புதுக் கண்ணோடு படித்துத் திருத்த வேண்டும். ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

வாரன் பஃபெட்: அக்காவுக்கும் தங்கைக்கும் எழுதிய கோடீஸ்வரர்

தொழில் உலகில் எழுத்துக்குப் பேர்போன இன்னொருவர் வாரன் பஃபெட். 1965-ல் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தவர். ஆண்டுதோறும் அவர் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களை, அந்த நிறுவனத்தின் பங்கு ஒன்றுகூட இல்லாதவர்களும் தேடிப் படித்தார்கள். அந்தக் கடிதங்களைத் தொகுத்துப் போட்ட புத்தகம் பல பதிப்புகள் கண்டது.

கணக்கு வழக்கு, காப்பீடு, முதலீடு என்று வறட்சியான விஷயங்களை எப்படி இவ்வளவு எளிமையாக எழுதினார்? ரகசியத்தை அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1998-ல் எளிய ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று ஒரு கையேடு வெளியிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் பஃபெட். எழுத உட்காரும்போது அக்கா டோரிஸும் தங்கை பெர்ட்டியும் எதிரில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன் என்று அதில் சொன்னார். இருவரும் புத்திசாலிகள். ஆனால் கணக்கியல் நிபுணர்கள் அல்ல. எளிமையாகச் சொன்னால் புரியும், துறைச் சொற்களைக் கொட்டினால் குழம்புவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எளிமையாக எழுதுவது என்றால் படிப்பவரைக் குழந்தையாக நினைப்பது இல்லை. அறிவுள்ள, ஆனால் அந்தத் துறையில் இல்லாத ஒருவரை நினைத்து எழுதுவது.

கடிதங்களுக்கு ஒரு எடிட்டரும் இருந்தார். ஃபார்ச்சூன் பத்திரிகையில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய கரோல் லூமிஸ், 1977 முதல் நீண்ட காலம் பஃபெட்டின் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தார். உலகப் பணக்காரர் என்றாலும், இன்னொருவர் பேனாவுக்குத் தன் எழுத்தைக் காட்டத் தயங்கவில்லை.

தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடுமா?

பஃபெட்டின் கடிதங்களை மக்கள் நம்பியதற்கு மொழி மட்டும் காரணம் இல்லை. 1993-ல் டெக்ஸ்டர் என்ற காலணி நிறுவனத்தை 43.3 கோடி டாலருக்கு வாங்கினார். அதற்குப் பணமாகத் தராமல் பெர்க்‌ஷயர் பங்குகளைக் கொடுத்தார். சில ஆண்டுகளில் அந்தக் காலணித் தொழில் படுத்துவிட்டது. கொடுத்த பங்குகளின் மதிப்போ ஏறிக்கொண்டே போனது. 2007-ம் ஆண்டுக்கான கடிதத்தில், தான் செய்ததிலேயே மோசமான ஒப்பந்தம் இதுதான் என்றும், பங்குதாரர்களுக்கு ஆன உண்மையான செலவு சுமார் 350 கோடி டாலர் என்றும் அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்.

2025 பிப்ரவரியில் வெளியான கடிதத்திலும் இதையே பேசினார். 2019 முதல் 2023 வரையிலான கடிதங்களில் தவறு, பிழை என்ற சொற்களை 16 முறை எழுதியிருப்பதாக எண்ணிச் சொன்னார். பல பெரிய நிறுவனங்கள் அந்தக் காலத்தில் அந்தச் சொற்களை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

12,500 பேரின் வேலை: மறைத்து எழுதினால் என்ன ஆகும்?

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நோக்கியாவின் மொபைல் தொழிலை வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில், அந்தப் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீபன் எலாப் ஊழியர்களுக்கு ஒரு நீண்ட இமெயில் அனுப்பினார். ஹலோ சொல்லித் தொடங்கிய அந்த இமெயில், நிறுவனத்தின் உத்தி, பொருள்களின் எதிர்காலம், பிரிவுகளின் ஒருங்கிணைப்பு என்று பத்தி பத்தியாகப் போனது.

பல பத்திகள் தாண்டிய பிறகுதான் உண்மையான செய்தி வந்தது. சுமார் 12,500 பேரின் வேலை போகப்போகிறது.

படித்தவர்களுக்குக் கோபம் வந்தது. வேலை போவது ஒரு வலி என்றால், அதை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தது இன்னொரு வலி. தலைவர் ஒருவர் எப்படி எழுதக்கூடாது என்பதற்கு உதாரணமாக அந்த இமெயில் இன்றும் காட்டப்படுகிறது. (நம்ம ஊர் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, வரிப் பிரச்சனை காரணமாக இந்த விற்பனையில் சேரவில்லை. அது 2014 நவம்பரில் தனியாக மூடப்பட்டது.)

கொலம்பியா ஸ்லைடிலும் இதேதான் நடந்தது. இங்கேயும் முக்கியமான விஷயம் பல பத்திகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

முட்டை, டோஸ்ட், காபி: ஒரு நல்ல தொழில் புத்தகம் எப்படி இருக்கும்?

மெமோ, கடிதம் எல்லாம் சரி. தலைவர்கள் எழுதும் புத்தகங்கள்? 'நான் எப்படி ஜெயித்தேன்' என்ற சுயபுராணம்தான் இதில் அதிகம். அதைத் தாண்டி நிற்கும் புத்தகங்களில் ஒன்று, இன்டெல் நிறுவனத்தின் ஆண்டி குரோவ் 1983-ல் எழுதிய 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்'.

ஹங்கேரியில் பிறந்து, அகதியாக அமெரிக்கா வந்தவர் குரோவ். சிப் தயாரிக்கும் நிறுவனத்தில் இருந்தவர், புத்தகத்தைச் சிப்பில் தொடங்கவில்லை. ஒரு காலை உணவில் தொடங்கினார். 3 நிமிடம் வேகவைத்த முட்டை, வெண்ணெய் தடவிய டோஸ்ட், காபி. மூன்றும் சூடாக, ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டும். எதை முதலில் தொடங்குவீர்கள்?

அதிக நேரம் எடுப்பது முட்டை. அதனால் முட்டையை மையமாக வைத்து மற்ற வேலைகளைத் திட்டமிட வேண்டும். எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு 'முட்டை' இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் மேனேஜரின் முதல் வேலை என்று குரோவ் விளக்கினார். பிறகு அதே கணக்கைக் கல்லூரி மாணவர்களை வேலைக்கு எடுப்பதற்கும் பொருத்திக் காட்டினார். மாணவரை நிறுவனத்துக்கு வரவழைத்து நேர்காணல் செய்வதுதான் அதிகச் செலவு. அதனால் அதற்கு முன்பே போனில் பேசி வடிகட்டிவிட வேண்டும்.

சாம்பாரும் சட்னியும் தயாராக இருந்து இட்லி வேகாமல் கஸ்டமர் காத்திருக்கும் ஹோட்டலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். படிப்பவருக்குத் தெரிந்த ஒன்றில் தொடங்கி, தெரியாத ஒன்றுக்குக் கூட்டிப்போவதுதான் இந்த முறை.

தலைவர்களே எழுதுகிறார்களா?

எல்லா நேரமும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை நீண்ட காலம் நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் எழுதிய 'மை இயர்ஸ் வித் ஜெனரல் மோட்டார்ஸ்' தொழில் புத்தகங்களில் ஒரு கிளாசிக். அதை அவருடன் சேர்ந்து எழுதியவர் ஃபார்ச்சூன் பத்திரிகையாளர் ஜான் மெக்டொனால்ட்.

புத்தகம் தயாரான பிறகு, ஏகபோக வழக்குகளில் இது தங்களுக்கு எதிராகத் திரும்பிவிடுமோ என்று பயந்த ஜெனரல் மோட்டார்ஸின் வழக்கறிஞர்கள் வெளியீட்டைத் தடுத்தார்கள். மெக்டொனால்ட் கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் 1964-ல் புத்தகம் வெளியாகி விற்பனையில் சக்கைபோடு போட்டது. சொந்த நிறுவனமே பயந்தது என்றால், அதில் வெறும் புகழ்ச்சி மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்?

எழுத்தாளர் உதவியோடு எழுதுவதில் தப்பில்லை. ஆனால் யோசனை தலைவருடையதாக இருக்க வேண்டும். அதை வாடகைக்கு எடுக்க முடியாது.

சென்னையில் கிடைத்த பாடம்: இந்திரா நூயி

எழுத்து என்றால் நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் பிறந்து, 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் சிஇஓவாக இருந்தவர் இந்திரா நூயி. அந்தப் பதவிக்கு வந்த பிறகு ஒருமுறை சென்னை வந்தபோது, வீட்டுக்கு வந்த உறவினர்களும் தெரிந்தவர்களும் அவரை விட அவருடைய அம்மாவைத்தான் அதிகம் பாராட்டினார்கள். 'பொண்ணை நல்லா வளர்த்திருக்கீங்க' என்ற ரீதியில்.

இதைப் பார்த்தவர் அமெரிக்கா திரும்பியதும், தன் கீழ் வேலை செய்த மூத்த அதிகாரிகளின் பெற்றோருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். உங்கள் பிள்ளை நிறுவனத்தில் என்ன செய்கிறார் என்று சொல்லி, அவரை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி தெரிவிக்கும் கடிதம். பெற்றோர்கள் நெகிழ்ந்து பதில் எழுதினார்கள். 2021-ல் வெளியான 'மை லைஃப் இன் ஃபுல்' என்ற தன் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் உட்பட, பல இடங்களில் அவர் தன் சென்னைக் குடும்பத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இந்த முறையில் குறைகளே இல்லையா?

இருக்கின்றன. எழுத்தை மட்டும் நம்பினால், எழுத வராதவர்களும், ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களும் பின்தங்கிப் போகலாம். அமேசானில் மெமோவைக் குழுவின் பெயரில் கொடுப்பது இதை ஓரளவு சமாளிக்கிறது. எழுத வராதவருக்கு எழுதத் தெரிந்தவர் கைகொடுக்கலாம்.

தெளிவான எழுத்து என்பதற்காக முடிவு சரியாகிவிடாது என்பதும் உண்மை. நன்றாக எழுதப்பட்ட மெமோவோடு வந்து தோற்றுப்போன பொருள்களும் உண்டு. 2014-ல் வந்த அமேசானின் ஃபயர் போன் அதற்கு உதாரணம். எழுத்து யோசனையைத் தெளிவாகக் காட்டும். யோசனையே தவறு என்றால், அதைப் படிப்பவர்கள் எழுந்து சொல்லவும் வேண்டும். கொலம்பியா விஷயத்தில் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் குரல் மேலே போகவில்லை.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

சிஇஓவாக இருந்தால்தான் இது பயன்படும் என்றில்லை. 4 பேரை வைத்துக் கடை நடத்துபவர், டீம் லீடர், பள்ளித் தலைமை ஆசிரியர், அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் என யாருக்கும் பொருந்தும் விஷயங்கள் இவை:

* முக்கியமான செய்தியை முதல் வரியில் சொல்லுங்கள். கெட்ட செய்தி என்றால் கண்டிப்பாக.
* 'கணிசமாக', 'ஓரளவு', 'விரைவில்' போன்ற சொற்களுக்குப் பதில் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.
* புள்ளி புள்ளியாக எழுதியதை ஒருமுறை முழு வாக்கியங்களாக மாற்றிப் பாருங்கள். 'அதனால்', 'ஆனால்' போட முடியாத இடத்தில் யோசனையில் ஓட்டை இருக்கிறது.
* துறைக்கு வெளியே உள்ள, உங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்து எழுதுங்கள்.
* தவறு நடந்திருந்தால் என்ன தவறு, எவ்வளவு நஷ்டம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.
* அனுப்பும் முன் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எங்கே நின்று மறுபடி படிக்கிறாரோ, அங்கே திருத்துங்கள்.

அடுத்த முறை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நீண்ட தகவலை அனுப்பும் முன், கடைசி வரியை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சொல்ல வந்த விஷயம் அங்கே இருந்தால், அதை அப்படியே தூக்கி முதல் வரியில் வைத்துவிட்டு அனுப்புங்கள்.